அட்டெஸ்ட், டெஸ்டிஃபை: இரண்டும் ஒன்றா?

வெள்ளவத்தைப் பொடியன்:
கொழும்பு புதுக்கடையில் ஒரு லோயரிடம் வேலை பழகுகிறேன். காணி உறுதியில் (காணிப் பத்திரத்தில்) நொத்தாரிசு, அதாவது நோட்டரி, 'அட்டெஸ்ட்' செய்கிறார், கோர்ட்டில் சாட்சி 'டெஸ்டிஃபை' செய்கிறார். இரண்டும் ஒன்றா? அப்புறம், ரோமர்கள் தங்கள் ஆண் விதையைப் பிடித்துச் சத்தியம் செய்ததால்தான் டெஸ்டிஃபை என்ற சொல் வந்தது என்று ஒரு நண்பன் அடித்துச் சொல்கிறான், உண்மையா?

கொட்டாஞ்சேனை அக்கா:
கட்டுக்கதை தம்பி. லத்தீனில் 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி, அதே சொல்லுக்கு விதை என்ற பொருளும் இருந்ததால் பிறகு யாரோ கிளப்பிவிட்டது, ரோமர் அப்படிச் சத்தியம் செய்ததற்கு ஆதாரம் கிடையாது. மூன்றாவது ஆளாகப் பக்கத்தில் நிற்பவன் என்பதுதான் அதன் அடி என்பது மொழியியலாளர் பலரின் கருத்து, அதாவது வழக்காடும் இருவரிலும் சேராதவன். அதோடு 'செய்' என்ற வினை சேர்ந்தால் டெஸ்டிஃபை.

உறுதிக்காரர்:
அட்டெஸ்டும் அதே வேர், புரொடெஸ்டும்கூட. வேலைதான் வேறு. டெஸ்டிஃபை செய்பவர் தான் கண்டதைச் சத்தியத்தின் பேரில் சொல்கிறார், குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும். அட்டெஸ்ட் என்பது, கையெழுத்து என் முன்னால்தான் வைக்கப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனைக்கு நொத்தாரிசோடு இரண்டு சாட்சிகளும் கூடவே இருக்க வேண்டும். பிறகு வழக்கு வந்தால் அவர்களே கோர்ட்டில் ஏற நேரிடலாம், அதனால் தெருவில் போகிறவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்காதே.