வேலைக்கு நடுவே குதிக்கும் குறிப்புப் பெட்டிகள்: உங்கள் அனுபவம் என்ன?

தூரிகைக்காரன்:

போட்டோஷாப்பில் டூல்பார் மேல் டேப்லெட் பேனாவைச் சும்மா நிறுத்தினாலே ஒரு பெட்டி திறந்து குட்டி அசைபடம் ஓடுமே, அதைப் பற்றித்தான். 2017 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து இருக்கிறது.

சிறுவர் புத்தக அட்டை ஒன்றைத் திரைப் பகிர்வில் காட்டிக்கொண்டிருந்தேன். அய்யனார் குதிரை, பின்னால் பனங்காடு. பதிப்பாளர் குதிரையின் கழுத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே பேனாவை க்ளோன் ஸ்டாம்ப் (படத்தின் ஒரு பகுதியை இன்னொரு இடத்தில் நகலெடுக்கும் கருவி) மேல் நிறுத்தியிருந்தேன் போல. பெட்டி திறந்தது, படம் ஓடியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம், "தம்பி, ஓரத்துல ஓடுதே ஒரு சின்னப் படம், அது நல்லாருக்கே. அதையும் அட்டையில சேத்துக்கலாமா?" என்றார். கழுத்தைப் பற்றி என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை தெரியாது. புத்தகம் அச்சாகிவிட்டது. கடையில் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கழுத்துக்குத்தான் போகிறது.

ப்ரெஃபரன்ஸஸ், டூல்ஸ் போய் யூஸ் ரிச் டூல்டிப்ஸ் டிக்கை எடுத்தேன். கையோடு, கருவியின் பெயரை மட்டும் காட்டும் ஷோ டூல்டிப்ஸையும் எடுத்துவிட்டேன். எல்லாமே போகட்டும்.

பத்திரிகை அக்கா:

எனக்கு கோரல்டிரா, கோடுகளாக வரையும் மென்பொருள். ஒரு மளிகைக்கடையின் பழைய பெயர்ப்பலகை, பெயிண்டில் கையால் எழுதியது. அதே எழுத்தில் புதுப்பலகை வேண்டும் என்று எழுதியவரின் பேரனே வந்திருந்தார். போட்டோவை அடியில் வைத்து ட்ரேஸ் செய்கிறேன். 'ழ'வின் வால் கீழே வளையும் இடத்தில் கர்சர் போனால் போதும், நோட் (கோட்டின் புள்ளி) என்றும் எட்ஜ் (விளிம்பு) என்றும் எழுத்து வந்து சரியாக அந்த வளைவு மேலேயே உட்காரும். பக்கத்து நாற்காலியிலிருந்து பேரன் திரையைத் தொட்டு, "அக்கா, இந்த எடத்துல தாத்தா கை லேசா நடுங்கியிருக்கும், அத நேராக்கிடாதீங்க" என்றார். தள்ளி உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரிந்த நடுக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் அமைப்பையே தேடிப் போனேன்.

ஆனால் தம்பி, எல்லாமே போகட்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆல்ட்-இஸட் அடித்தால், வரையும் புள்ளி பக்கத்து ஆப்ஜெக்ட்டில் தானாகப் போய் ஒட்டுவதே நின்றுவிடும். நோட் நோட்டோடு சேராது, வளைவு மூடாது, கலர் கொட்டினால் நிரம்பாது. ஸ்னாப் டு ஆப்ஜெக்ட்ஸ் அமைப்புக்குள் ஸ்க்ரீன் டிப் என்று தனியாக ஒரு டிக் இருக்கிறது. அதை மட்டும் எடுத்தால் ஒட்டும் வேலை நடக்கும், எழுத்து வராது. இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே கதைதான். கன்ட்ரோல்-யு அடித்து ஸ்மார்ட் கைட்ஸ் என்ற வழிகாட்டிக் கோடுகள் முழுவதையும் கொல்லாமல், ப்ரெஃபரன்ஸஸில் ஆங்கர், பாத் லேபிள்ஸை மட்டும் எடுங்கள்.

கிம்ப் கேசவன்:

கிம்ப் என்ற பட மென்பொருளில் லேயரை (படத்தின் ஓர் அடுக்கை)ச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக ஒரு விட்டுவிட்ட கோடு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த பெரியவர், "இந்த மஞ்சக் கோடு பிரிண்ட்ல வருமா?" என்றார். வராது என்றேன். நம்பவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்.

வியூ மெனுவில் ஷோ லேயர் பவுண்டரி. அங்கே எடுத்தால் திறந்திருக்கும் படத்துக்கு மட்டும்தான். எப்போதும் வரக்கூடாது என்றால் ப்ரெஃபரன்ஸஸில் இமேஜ் விண்டோஸ், அப்பியரன்ஸ்.

வாத்தியார்:

முதல் பதிவுக்கு என் எதிர்ப்பு. நான் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் சொல்லித்தருகிறேன். வகுப்பில் ஒரு பையன் யாரோ சொன்னார்கள் என்று டூல்டிப்பை அணைத்துவிட்டு வந்தான். எக்ஸ்ட்ரூட் ஐகான் எது, இன்செட் ஐகான் எது என்று தெரியாமல் பக்கத்துப் பையன் திரையைப் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தான். பட்டன் பேரும் குறுக்குவிசையும் அந்தப் பெட்டியில்தானே வருகிறது!

வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். ப்ளெண்டரில் ப்ரெஃபரன்ஸஸ், இன்டர்ஃபேஸில் யூசர் டூல்டிப்ஸை அணைத்தாலும், ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு பட்டன் மேல் நின்றால் குறிப்பு வரும். கேட்டால் மட்டும் வருகிறது, தொல்லை இல்லை. கட்டம், அச்சுக்கோடு, தேர்வு விளிம்பு எல்லாம் மறைய ஷிஃப்ட்-ஆல்ட்-இஸட், திரும்ப வரவும் அதேதான். க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருள்காரர்களுக்கு: படத்தைத் திருப்பினாலோ கண்ணாடி மாதிரி புரட்டினாலோ நடுவில் வரும் செய்தியை நிறுத்த, கான்ஃபிகர் க்ரிட்டாவில் ஜெனரல், விண்டோ, அங்கே ஆன்-கேன்வாஸ் பாப்அப் மெசேஜஸ். டேப் விசை அடித்தால் திரையில் படம் மட்டும் இருக்கும். விண்டோஸில் பேனாவை அழுத்திப் பிடித்தால் சுற்றி வளையம் வருகிறதா? அது வரைகலை மென்பொருளின் வேலையே இல்லை. கன்ட்ரோல் பேனல், பென் அண்ட் டச், ப்ரெஸ் அண்ட் ஹோல்ட், செட்டிங்ஸ், ரைட் க்ளிக் டிக்கை எடுங்கள். இதைத் தெரியாமல் மென்பொருளையே மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. இன்னொன்று, டேப்லெட் டிரைவரிலும்...

தூரிகைக்காரன்:

சார், நான் கேட்டது அனுபவம், பாடம் இல்லை. க்ளோன் ஸ்டாம்ப் எது என்று எனக்குத் தெரியும், அது என் பதிப்பாளருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆல்ட் விஷயம் நல்லது. எல்லா மென்பொருளிலும் அப்படி இருந்தால் இந்தச் சண்டையே வராது.

வாத்தியார்:

வகுப்பில் இருந்திருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள்.

தாளக்காரன்:

எனக்கு ஏபிள்டன் லைவ், இசைப்பதிவு மென்பொருள். கீழே இடப்பக்க மூலையில் இருக்கும் விளக்கப் பெட்டி. வீட்டில் மிருதங்கப் பதிவு. தனி வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் பாதியில் கையை எடுத்துவிட்டார். என்ன ஆச்சு என்றால், "நீ மவுஸ நகத்த நகத்த அங்க என்னமோ எழுத்து மாறிக்கிட்டே இருக்குப்பா, கண்ணு அங்கயே போகுது, கணக்கு விட்டுப்போச்சு" என்றார். கேள்விக்குறி விசையைத் தட்டினால் அந்தப் பெட்டி மறையும், மறுபடி தட்டினால் வரும். எனக்கு அது அதுவரை கண்ணிலேயே பட்டதில்லை. அடுத்த தடவை அவர் வாசித்தது நன்றாகவே இருந்தது, ஆனால் நின்றுபோனதுதான் நல்ல வாசிப்பு.

வாத்தியார் சாருக்கு: ஆபீஸ் 97-இல் கண்ணை உருட்டிக்கொண்டு வந்த பேப்பர் க்ளிப்பும் கற்றுக்கொடுக்கத்தான் வந்தது. 2001-இல் ஆபீஸ் எக்ஸ்பியில் இயல்பாகவே அணைத்துவைத்தார்கள், 2007-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

பத்திரிகை அக்கா:

சண்டை இருக்கட்டும். போட்டோஷாப்பில் 2023-இல் வந்த பட்டை, செலக்‌ஷன் போட்டவுடன் படத்துக்குக் கீழே வந்து ஒட்டுமே, அதை என்ன செய்கிறீர்கள்? மூன்று புள்ளியில் பின் பார் பொசிஷன் போட்டு ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தூரிகைக்காரன்:

விண்டோ மெனு, கான்டெக்ஸ்சுவல் டாஸ்க் பார், டிக்கை எடுங்க அக்கா. நிறுத்தி வைத்தாலும் திரைப் பகிர்வில் யாராவது ஒருவர் அது என்ன என்று கேட்பார்.