பேயறைக்குள் ஓவன் ஏன் போனான்?

மேடைப்பித்தன்:
பிரிட்டனின் (நாடு இல்லை, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன்) 'ஓவன் விங்கிரேவ்' ஓபராவை (வசனமெல்லாம் பாட்டாக வரும் இசை நாடகம்) நேற்று இரண்டாம் முறை பார்த்தேன். தெரியாதவர்களுக்குக் கதை: வழிவழியாகப் பட்டாளத்துக்குப் போகும் குடும்பம். கடைசி வாரிசு ஓவன், பயிற்சியின்போதே "எனக்குப் போர் வேண்டாம்" என்கிறான். பாரமோர் மாளிகைக்கு வரவழைத்து ஆளாளுக்குக் குதறுகிறார்கள். தாத்தா சர் பிலிப் சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்றுவிடுகிறார். அதன்பிறகு, சுவரில் தொங்கும் முன்னோர் படங்களுக்கு முன்னால் நின்று அமைதியைப் பற்றிப் பாடுகிறான் பாருங்கள்! நான் இப்படித்தான் என்று ஒருவன் தன்னை ஏற்றுக்கொள்ளும் இடம். உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஈரோட்டான்:
சிலிர்த்தது சரி, அடுத்த அரைமணியில் அவன் பிணம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த மாளிகையில் ஒரு பேயறை இருக்கிறது, முன்னொரு காலத்தில் சண்டைபோட மறுத்த விங்கிரேவ் பையனை அப்பனே அடித்துக் கொன்ற அறை. "கோழை இல்லையென்றால் அங்கே படு" என்கிறாள் கேட், ஓவனுக்கென்று இருந்த பெண். இவனும் போகிறான், அவள் வெளியே பூட்டுகிறாள். வீரத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று பாடியவனுக்கு இது எதற்கு? பாரமோர்தான் ஜெயித்தது. கதாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் விட்ட ஓட்டையைப் பிரிட்டனும் அடைக்கவில்லை.

மேடைப்பித்தன்:
பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் தொடமாட்டேன் என்று விலக்கு வாங்கியவர். வியட்நாம் போர் நடக்கும்போது எழுதியது இது. 1971 மே 16 அன்று பிபிசி தொலைக்காட்சியில் வந்தது. அவரா ஓவனைத் தோற்கவிடுவார்?

ஈரோட்டான்:
ஆசிரியரின் ஜாதகத்தை வைத்துக் கதையின் முடிவை மாற்ற முடியாது அண்ணே.

கடைசிவரிசை:
இரண்டு பேரும் கொஞ்சம் இசையைக் கேளுங்கள். பிரிட்டன் 1956இல் பாலித் தீவுக்குப் போய் காமெலான் (அந்த ஊர் வெண்கல மணி, தாள வாத்தியக் குழு) கேட்டவர். அமைதிப் பாட்டில் அந்த மணியோசையின் சாயல் வருகிறது, அந்த வீட்டில் வேறெங்கும் இல்லாத வெளிச்சம். ஆனால் பாட்டு முடிந்ததும் பேயறைக் கதையின் அந்த அப்பக்கிழவனும் பையனுமாக ஆவிகள் நடக்கின்றன. அந்த வெளிச்சம் நிலைக்கவில்லை. இசையமைப்பாளர் டேவிட் மேத்யூஸ் சிறு இசைக்குழுவுக்குச் சுருக்கிய வடிவத்தைக் கேட்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நம்மை முறைக்கும். இந்த ஓபரா சேம்பர் அளவில்தான் (சில வாத்தியங்கள் மட்டும்) நடக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஈரோட்டான்:
பார்த்தீர்களா, இவரே என் பக்கம்.

கடைசிவரிசை:
உங்கள் பக்கம் இல்லை தம்பி. ஓட்டை என்கிறீர்களே, அதுதான் கதையே. தாத்தாவால் சொத்தைத்தான் பிடுங்க முடிந்தது. கோழை என்ற சொல் காதில் விழுந்ததும் எகிறும் அந்த விங்கிரேவ் வீம்பு பையனிடமே இருக்கிறது. எங்கள் அப்பாவின் அரிசி மண்டி வேண்டாமென்று ஊரைவிட்டு வந்து முப்பது வருஷம். இன்றைக்கும் எவனாவது "உனக்கு யாவாரம் தெரியாது" என்றால் சட்டென்று கோபம் வருகிறது. எனக்கு எதற்கு அது?

மேடைப்பித்தன்:
அப்படியென்றால் அவன் தன்னை ஏற்றுக்கொண்டது பொய்யா?

கடைசிவரிசை:
பாதி. அமைதியை விரும்புகிறவன் நான் என்று ஏற்றுக்கொண்டான். நானும் விங்கிரேவ்தான் என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஈரோட்டான்:
இது நீங்கள் சொல்வது. பைப்பர் எழுதிய பாடல்வரியில் எங்கே இருக்கிறது, இடத்தைக் காட்டுங்கள். சனிக்கிழமை மறுபடி பார்க்கிறேன், சாவியைத் திருப்பும் காட்சியிலிருந்து.