‘மிஷன் கிரீப்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆர்.கே. புரத்திலிருந்து:

அன்பர்களே, நாம் தொகுக்கும் அமைதிகாப்புச் சொற்பட்டியலில் ‘மிஷன் கிரீப்’ இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஒரு வேலைக்கென்று அனுப்பிய படையின் பொறுப்பு சிறுகச் சிறுகப் பெருகிப்போவதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ‘பணி விரிவாக்கம்’ என்ற வரைவு பொருந்தாது. இங்கே டெல்லியில் மெட்ரோ விரிவாக்கம் என்றால் திட்ட அறிக்கை, நிதி, ஒப்புதல் எல்லாம் ஆன பிறகு நடப்பது. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: வேலை கூடும், ஆள் கூடாது.

சோமாலியாவைப் பாருங்கள். இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்ததே அங்கு நடந்ததை ஒட்டித்தான். 1992 டிசம்பரில் அமெரிக்கத் தலைமையில் படை போனது, நிவாரண உணவு கொள்ளை போகாமல் காக்க. சுமார் 37,000 பேர். அவர்கள் பொறுப்பில் நாட்டின் ஏறக்குறைய 40 சதவீதப் பரப்பு. 1993 மே மாதம் பொறுப்பேற்ற ஐ.நா. படைக்கு அனுமதி 28,000 பேர்தான். வேலையோ நாடு முழுக்க ஆயுதக் களைவு, நிர்வாகத்தை மீட்டெடுப்பது. ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாளே ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 837ஆம் எண் தீர்மானம், குற்றவாளிகளைப் பிடிக்கச் சொல்லி. அது சோமாலியப் போர்க்குழுத் தலைவர் ஐதீதைத் தேடும் வேட்டையாகி, அக்டோபரில் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்களின் உயிரைக் குடித்தது.

என் பரிந்துரை: ‘இலக்கு வழுவல்’.

மயூர் விகாரிலிருந்து:

ஐயா, ‘வழுவல்’ களத்தில் நின்றவர்மேல் பழி போடுகிறது. 794, 814, 837 என்று ஒவ்வொரு படிக்கும் பாதுகாப்புச் சபையின் தீர்மானம் இருந்தது. யாரும் ஆணையிலிருந்து வழுவவில்லை. ஆபத்தே அதில்தான்: ‘இங்கே நிறுத்து’ என்று சொல்ல ஒரு மீறலும் கண்ணில் படாது. ‘பிறழ்வு’ம் இதனால் வேண்டாம்.

‘ஆள் கூடாது’ என்பதையும் வரையறையில் சேர்க்காதீர்கள். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் ஆள் கூடியது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் போராளிகளின் ஆயுத ஒப்படைப்பு. மொத்தம் ஐந்து நாள் கணக்கு. ஒப்படைப்பு அரைகுறையாக நின்றது. அப்போதே திரும்பினால் ஒப்பந்தம் செத்தது. தங்கினால் நடுவராகப் போனவர் சண்டையில் ஒரு தரப்பாகிவிடுவார். தங்கினார்கள். அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போர். ஒரு டிவிஷன் நான்காயிற்று, அப்படியும் வேலை முந்திக்கொண்டே போனது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலேறும்போது ஏறத்தாழ 1,200 வீரர்களும், பொதுமக்கள் பலரும் மாண்டிருந்தார்கள்.

எனவே ‘பணிப்படர்வு’. நட்டவர் ஊன்றியது ஒரு கொழுகொம்புதான். கொடி அடுத்த வேலிக்கும் படர்கிறது. வினையாகவும் சொல் வளைகிறது: ‘பணி படர்ந்துவிட்டது’, ‘படரவிடாமல் பார்த்துக்கொள்’.

கரோல் பாகிலிருந்து:

அம்மா, ‘படர்வு’ அருமை. ‘பணி’தான் இடிக்கிறது. பணி நியமனம், பணிமூப்பு, பணி நீட்டிப்பு என்று படித்துப் பழகியவர்கள் ஏதோ ஊழியர் விதி என்று நினைப்பார்கள். ஆனால் ‘இலக்கு’ அதைவிட மோசம். படையில் அது சுடும் குறி.

லிபியாவையும் இதில் அடைக்க முடியாது. 2011 மார்ச் 17 அன்று வந்த பாதுகாப்புச் சபையின் 1973ஆம் எண் தீர்மானம், பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைக்கும் இடம் தந்தது. இந்தியா உட்பட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த ஒரு வரியை வைத்தே கடாபி ஆட்சி விழும்வரை குண்டுவீச்சு நடந்தது. அங்கே நீண்டது ஆணையின் பொருள்.

ஆர்.கே. புரத்திலிருந்து:

‘வழுவல்’ பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். கட்டுரையில் முதல் முறை ‘படைப் பணிப்படர்வு’ என்று எழுதிவிட்டால் ஊழியர் விதிக் குழப்பம் தீரும். லிபியாவுக்கு ‘ஆணை நீட்சி’ என்று தனிப் பதிவு. வரைவு இது:

பணிப்படர்வு: ஏற்றுக்கொண்ட படைப்பணி, ஒவ்வொன்றும் முறையான ஒப்புதல் பெற்ற சிறு சிறு படிகளாக, தொடக்கத்தில் போட்ட ஆள் கணக்கையும் நாள் கணக்கையும் தாண்டி வளர்ந்துபோதல்.

மயூர் விகாரிலிருந்து:

சம்மதம். அடுத்தது ‘எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி’. ‘வெளியேற்ற உத்தி’ என்றால் யாரையோ துரத்துவதுபோல் இருக்கிறது. போன படை தானாகத் திரும்ப வேண்டும். ‘மீள்வழி’ சரிவருமா?