பழைய 28 இஞ்ச் ஹெர்குலிஸ் சைக்கிள், 2,500 ரூபாய்: வாங்கலாமா?

காவிரிக்கரை:
திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் பார் வைத்த பழைய ஹெர்குலிஸ் பத்து வருடமாகச் சும்மா நிற்கிறது. கம்பி பிரேக், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற வகை. 2,500 சொல்கிறார்கள். பெயிண்ட் உரிந்து துருப் பிடித்திருக்கிறது, டயர் இரண்டும் வெடித்துப் போயிருக்கின்றன, பெடலை மிதித்தால் சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று சத்தம். தினமும் ஸ்டேஷனுக்கு 4 கிலோமீட்டர் போய்வரத்தான் கேட்கிறேன். துருவைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

பஞ்சர் கடை:
தம்பி, மேல்துருவுக்குப் பயப்படாதீர்கள், உப்புத்தாள் போட்டால் போய்விடும். ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் கடையில் கிடைக்கிற சாமான். ஹேண்டில் பாருக்குக் கீழே, இரண்டு குழாயும் வந்து சேர்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். மேடு தட்டினாலோ பெயிண்ட் குறுக்கே சுருக்கமாக வெடித்திருந்தாலோ வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது, விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் ஒரு நூல். பின்சக்கர ஆக்சில் பக்கம் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் கட்டினால், சீட் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். 2, 3 மில்லி வித்தியாசம் பரவாயில்லை. அந்த ‘டக்’ பெரும்பாலும் காட்டர் பின்தான், பெடல் மாட்டியிருக்கிற கிராங்க் கையை நடு அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற ஆப்பு அது.

மிதிவண்டி மாமா:
பின் தேய்ந்தது சரி, தேய்ந்த பின்னோடு வருடக்கணக்கில் ஓட்டியிருந்தால் கிராங்கின் ஓட்டையே அகன்றிருக்கும், அப்போது புதுப் பின் போட்டாலும் நிற்காது. இரண்டு கிராங்கையும் பிடித்து எதிரெதிராக அழுத்திப் பாருங்கள். ரிம்மையும் விடாதீர்கள். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, ஆக்சிலைப் பார்த்த உள்பக்கத்தில்தான் பிடிக்கும், அங்கே துரு அரித்திருந்தால் ரிம் செலவு தனி. இரண்டு டயர், டியூப், முழுக்கக் கழற்றி மாட்டுகிற ஓவராயில் எல்லாம் கூட்டினால் 2,500 அதிகம். 1,500-க்கு மேல் நான் தரமாட்டேன்.

காவிரிக்கரை:
28 டயர் இன்னும் கிடைக்கிறதா அண்ணே?

பஞ்சர் கடை:
28 x 1½ என்று கேளுங்கள், பழைய சைக்கிள் கடை எதிலும் இருக்கும். ஹெர்குலிஸ் செய்கிற டி.ஐ. கம்பெனி அம்பத்தூரில் 1949-ல் தொடங்கியது, அந்தக் காலத்து ரோட்ஸ்டர், அதாவது இந்த மாதிரிப் பெரிய சாதா சைக்கிளின் சக்கர அளவுதான் இன்றும் ஓடுகிறது. முதலில் பாருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்று பாருங்கள், இந்த வண்டிகளில் 22, 24 இஞ்ச் என்று ஃப்ரேம் அளவு உண்டு, 24 குள்ளமானவருக்கு ஆகாது. சீட் கம்பியையும் திருகி உருவிப் பாருங்கள். இரும்புக்குள் இரும்பு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் பெரிய தலைவலி. வந்துவிட்டால் உள்ளே டார்ச் அடியுங்கள். பழுப்புத் தூள் என்றால் கவலையில்லை, பட்டை பட்டையாக உதிர்ந்தால் வேண்டாம்.

காவிரிக்கரை:
போய்ப் பார்த்தேன். நூல் வித்தியாசம் 1 மில்லிதான், கீழ்க்குழாயில் மேடு இல்லை. இடது காட்டர் பின் மட்டும் தேய்ந்திருந்தது, கிராங்க் ஓட்டை நல்லபடியாக இருக்கிறது. பேரம் பேசி 1,700-க்கு எடுத்துவிட்டேன். சீட் கம்பிதான் அசையவில்லை, எனக்கு உயரம் சரியாக இருந்ததால் துணிந்து வாங்கினேன். அது இளகட்டும் என்று விட்ட மண்ணெண்ணெய் இரண்டாவது நாளாக ஊறுகிறது.