"ஒழுங்கெண்" வேண்டாம், "இழைவாக்கு" என்போமா?

> பலபடி (பாலிமர்) இழைகளில் மூலக்கூறுச் சங்கிலிகள் இழையின் அச்சோடு எவ்வளவு ஒத்து நிற்கின்றன என்பதைக் காட்டும் அளவை "ஒழுங்கெண்" என்று எழுதலாமா?

வணக்கம்.

"ஒழுங்கு" என்று வைத்தால் இரண்டு சங்கதிகள் ஒன்றாகிவிடும். சங்கிலிகள் அடுக்கடுக்காகப் படிந்து படிகமாவது ஒன்று. அவை இழையின் அச்சுப் பக்கம் திரும்புவது வேறு. பாலித்தீனை உருக்கி மெதுவாக ஆறவிட்ட கட்டியில் படிகம் நிறைய இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக் கிடக்கும். பிஓஒய் (ஓரளவு மட்டுமே இழுத்த) பாலியஸ்டர் நூல் நேர்மாறு: சங்கிலிகள் ஓரளவு திரும்பியிருக்கும், படிகமோ சொற்பம்.

எக்ஸ் கதிர்ப் படத்தில் இது கண்ணுக்கே தெரியும். அந்தக் கட்டியை வைத்தால் முழு வளையங்கள் விழும். நன்றாக இழுத்த பாலித்தீன் இழையைச் செங்குத்தாக வைத்தால், அதில் பளிச்சென்ற வளையங்கள் அறுந்து இடமும் வலமும் சின்ன வில்லாகச் சுருங்கிவிடும்.

இந்த அளவுக்கான ஹெர்மன்ஸ் கணக்கு தெரிந்ததுதான்: சங்கிலிக்கும் அச்சுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன் வர்க்கச் சராசரியை 3ஆல் பெருக்கி, 1 கழித்து, பாதியாக்க வேண்டும். எல்லாம் அச்சோடு நின்றால் 1, தாறுமாறாகக் கிடந்தால் 0, எல்லாம் குறுக்கே நின்றால் −0.5. அந்த −0.5ஐப் பாருங்கள். குறுக்கே வரிசையாக நிற்பதும் ஒழுங்குதானே! "ஒழுங்கெண் −0.5" என்று எழுதினால் படிப்பவர் படுகுலைவு என்றல்லவா நினைப்பார்?

உரச்சாக்கு நாடா ஒன்றை உருவி நகத்தால் கீறிப் பாருங்கள். நீளவாக்கில் நார் நாராகப் பிரியும், குறுக்குவாக்கில் லேசில் கிழியாது. நமக்கு வேண்டிய சொல் அந்த "வாக்கு"தான். எனவே பண்புக்கு "இழைவாக்கு", எண்ணுக்கு "இழைவாக்குக் கெழு" (கெழு என்றால் coefficient). ஆங்கிலத்தில் அதைச் சார்பு (function) என்கிறார்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது ஒற்றை எண், அதனால் கெழுவே போதும்.

> "வாக்கு" என்றதும் தேர்தல் ஞாபகம் வருகிறதே? நாளைக்கு யாராவது "வாக்கெண்" என்று சுருக்கிவிடுவார்கள்.

சுருக்கினால் திருத்துவோம்! காற்றுவாக்கில் செய்தி வந்தது என்றால் யாரும் ஓட்டுப்பெட்டியைத் தேடுவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. எக்ஸ் கதிர்ப் படத்தில் வில்லுக்கு அடியில் பரந்து மங்கலாக ஒரு வட்டம் இருக்கும், அது படிகமாகாத பகுதியின் பங்கு. அதைத் தனியே கழித்த பிறகுதான், கெழுவைக் கணக்கிட வில்லின் விரிவை நம்பி அளக்க முடியும். அந்தப் பகுதிக்கும் தனி இழைவாக்கு உண்டு. ஆகவே "படிக இழைவாக்கு", "படிகமிலா இழைவாக்கு" என இரண்டும் தேவைப்படும். வில்லின் விரிவை இப்போதைக்கு "வில்விரிவு" என்று எழுதிவருகிறேன். வளையத்தின் தடிமனோடு குழம்பாத வேறு நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.