லூனெபுர்க் ஹைடேயின் சரளைப் பாதையில் உங்கள் எதிரே வந்தது யார்?

ஹாம்பர்கிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

கார் இல்லாத பாதை என்றால் ஆளில்லாத பாதை என்றுதான் நினைத்திருந்தேன். வடக்கு ஜெர்மனியில் லூனெபுர்க் ஹைடே என்ற பரந்த புதர்வெளியில், உண்டெலோ என்ற ஊரிலிருந்து வில்சேடே என்ற ஊருக்குப் போன ஒரே நாளில் அந்த நினைப்பு போய்விட்டது. அங்கே போய்வந்த மற்றவர்களும் எழுத வேண்டும் என்ற ஆசையில் இதைத் தொடங்குகிறேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம். ரயிலில் புக்ஹோல்ஸ் வரை போய், வண்டி மாறி ஹண்டெலோவில் இறங்கி, அங்கிருந்து மிதித்து உண்டெலோ சேர்ந்தேன். அதற்கு மேல் வில்சேடேவுக்கு நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், குதிரை வண்டியில் போகலாம். வெளியூர்க்காரர்களின் காருக்கு அனுமதி இல்லை. கொஞ்ச தூரத்திலேயே என் டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர், கண்ணுக்கெட்டிய வரை ஊதாப் பூ. நடுநடுவே ஆள் நிற்பது போல ஜூனிபர் மரங்கள்.

ஒரு திருப்பத்தில் பாதையே நகர்கிற மாதிரி தெரிந்தது. ஆட்டு மந்தை. சாம்பல் நிற ரோமம், கறுப்பு முகம், வளைந்த கொம்பு. ஹைட்ஷ்னுக்கெ என்று இந்த ஊர் ஆட்டுக்குப் பெயர். கிடாவுக்கு மட்டுமல்ல, பெட்டை ஆட்டுக்கும் கொம்பு உண்டு. குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கும், வளர வளரத்தான் ரோமம் சாம்பலாகும். சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றேன். இருபது நிமிடம் நின்றிருப்பேன். மந்தை கடந்த பிறகு மேய்ப்பர் பக்கத்தில் வந்து பேசினார்.

நான் இயற்கையாக அமைந்த வெளி என்று நினைத்திருந்தது, ஆடுகள் கடித்துக் கடித்தே காப்பாற்றி வரும் வெளி என்பது அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் இங்கே காடு இருந்தது. மரத்தை வெட்டி, ஆட்டை மேய்த்து, ஹெதரை வேர்மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்துத் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு சேர்ந்த அதையே வயலுக்கு எருவாகப் போட்டிருக்கிறார்கள். பல நூற்றாண்டுகள் இப்படி நடந்ததில் மண் சத்து இழந்து, ஹெதர் மட்டும் செழித்தது. ஆட்டை நிறுத்திவிட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்துச் சில பத்தாண்டுகளில் மறுபடி காடாகிவிடும். மந்தையில் வெள்ளாடுகளும் இருந்தன. பிர்ச் கன்றுகளைக் கடித்துத் தள்ளுவது அவற்றின் வேலை. ஆடுகள் புதருக்குள் நடக்கும்போது சிலந்தி வலைகள் அறுந்து தேனீக்களுக்கு வழி திறக்கும் என்றும் சொன்னார். பூக்காலத்தில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

முல்லை நிலம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, காடு, மேய்ச்சல், கோவலர் என்று. அன்றைக்கு அதன் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றே தோன்றியது.

நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள்?

ஹனோவரிலிருந்து:

நான் நில அளவை படிக்கிறேன், சொந்த ஊர் சென்னை பரங்கிமலைப் பக்கம். வில்சேடேர் பெர்க் ஏறியதைச் சொல்கிறேன். மலை என்கிறார்கள், உயரம் 169 மீட்டர்தான். ஆனால் வடமேற்கு ஜெர்மனியின் சமவெளியில் அதைவிட உயரமான மேடு கிடையாது. ஏற்றத்தில் மணல் பொலபொலவென்று இருந்ததால் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

உச்சியில் ஒரு முதியவர் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கே படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். உடனே எழுந்து நின்று வடக்கே கை காட்டினார். தொலைவில் ஹாம்பர்கின் கோபுரங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. "கௌஸ் இங்கே நின்று அளந்திருக்கிறார், தெரியுமா?" என்றார். 1820களில் கணித மேதை கார்ல் ஃப்ரீட்ரிஷ் கௌஸ் ஹனோவர் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்தபோது இந்த மேடும் ஒரு முனையாக இருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதே முறையில் இந்தியாவை அளக்க, ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802இல் முதல் அடிக்கோட்டை, அதாவது முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் நேர்கோட்டை, அளந்தது எங்கள் பரங்கிமலையில். அதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார்.

சோல்டாவிலிருந்து:

தம்பிமார் இரண்டு பேரும் எழுதியதைப் படிக்கச் சந்தோசமாக இருக்கிறது. நான் 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். முதல் வேலை இங்கே ஓர் உணவகத்துச் சமையலறையில்.

இந்த அமைதி எப்போதும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்களில் ஷ்னேவெர்டிங்கன் பக்கம் ஹைடேயின் ஒரு பகுதியில் பிரிட்டிஷ் படையின் டாங்கிகள் பயிற்சி எடுத்தன. சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் எழும்பி உட்காருவேன். ஒருநாள் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் வெறும் மணலாகக் கிடந்தது, எங்கும் சங்கிலித் தடம்.

1994இல்தான் அவை போயின. பிறகு அந்த மண்ணைச் சீராக்கி மறுபடி ஹெதரை வரச்செய்தார்கள். அதில் பெரும் பங்கு இங்குள்ள இயற்கைப் பூங்காச் சங்கத்துக்கு. 1909இல் தொடங்கிய சங்கம் அது. அதற்கு முன்பே, 1906இல், ஏகெஸ்டோர்ஃப் ஊரின் பாதிரியார் வில்ஹெல்ம் போடே, பேராசிரியர் ஒருவர் கொடுத்த பணத்தில் டோட்டன்குரூண்ட் பள்ளத்தாக்கை வாங்கிக் காப்பாற்றியிருக்கிறார். அங்கே வார இறுதி வீடுகள் கட்டும் திட்டம் இருந்ததாம்.

போன வருடம் பேத்தியோடு ஷ்னேவெர்டிங்கனின் ஓஸ்டர்ஹைடே வழியாக ஓட்டினேன். டாங்கி போன இடம் இதுதான் என்று சொன்னேன். பிள்ளை நம்பவில்லை. அந்த நேரம் வானம்பாடி ஒன்று மேலே பாடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதை எழுதும்போதும்தான்.

பிரேமனிலிருந்து:

ஐயா, உங்கள் பதிவை என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாங்கள் சந்தித்தது ஒரு பாம்பை. மே மாதம், நீடர்ஹாவெர்பெக் பக்கம். காலை வெயில் வந்த நேரம், என் ஒன்பது வயது மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று பிரேக் பிடித்து நின்றாள். சூடேறிய மணலில் பழுப்பாக ஒன்று, முதுகு நெடுக வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோடு. க்ரொய்ஸ்ஓட்டர், நம் விரியன் இனம், விஷம் உள்ளது. நான் பதறி அவளைப் பின்னால் இழுக்கப் போனேன். அவள் மெதுவாக, "அம்மா, அது வெயில் காயுது, விடு" என்றாள். தள்ளியே நின்று காத்திருந்தோம். அதுவாகவே ஹெதருக்குள் போனது. அதன் பிறகு காலை நேரத்தில் பாதையின் ஓரத்தில் வேகமாக ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

கைலிலிருந்து, புதியவர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 38 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் சைக்கிள், சரளைப் பாதைக்கான சைக்கிள், இருக்கிறது. போதுமா? குதிரை வண்டியைத் தாண்டும்போது மணி அடிக்கலாமா?

ஹாம்பர்கிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

போதும், ஆனால் மணலில் திணறும். நான் 45 வைத்திருக்கிறேன், காற்றையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். வண்டிப் பாதைகள் பலவற்றில் நடுவில் உருளைக்கல், பக்கத்தில் மணல். கல்லில் எலும்பு குலுங்கும். பல இடங்களில் ஓரமாக ஒடுங்கிய ஒற்றைத் தடம் ஒன்று போகும், அதுதான் நமக்கு. எதிரே நடந்து வருபவர் இருந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். டோட்டன்குரூண்டைச் சுற்றிப் பார்க்க சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

குதிரைக்குப் பின்னால் மணி அடிக்கவே வேண்டாம். தூரத்திலிருந்தே மனிதக் குரலில் வணக்கம் சொல்லுங்கள், குரல் கேட்டால் குதிரை மிரளாது. வண்டிக்காரர் கை காட்டிய பிறகு, நன்றாக இடம் விட்டு, மெதுவாகத் தாண்டுங்கள். வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் அவரும் சந்தோஷப்படுவார்.

ஹெதர் ஆகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 9 வரை பூக்கும் என்று இங்குள்ளவர்கள் கணக்குச் சொல்வார்கள். மழையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அதனால் செப்டம்பர் முதல் ஞாயிறு எல்லோரும் சேர்ந்து போகலாமா? காலை ஒன்பதரைக்கு ஹண்டெலோ ரயில் நிலையத்தில் கூடுவோம். சோல்டா ஐயா, உங்களுக்கும் அதே ரயில் பாதைதான். வருவீர்களா?

சோல்டாவிலிருந்து:

வருகிறேன் தம்பி. பேத்தியும் வருவாள். எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிட்டு அவிக்க வேண்டும்.