ஜொனி தண்டர்ஸ்: மேடையில் என்ன சொல்லலாம், அந்தச் சத்தத்தை எப்படி எடுக்கலாம்?

கல்லடி_நாலுபேர்:

அடுத்த மாதம் கல்லடியில் ஒரு சின்ன மண்டபத்தில் எங்கட பாண்ட் வாசிக்கிறது. அதில் மூன்று பாட்டு, அமெரிக்க பங்க் கிட்டார்காரர் ஜொனி தண்டர்ஸின் ஹார்ட்பிரேக்கர்ஸ் பாண்டுடையது. தொடங்குமுன் அவரைப் பற்றி ஐந்து நிமிஷம் தமிழில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற சனம் பைலாவும் சினிமாப் பாட்டும் கேட்கிற சனம், பேர்கூடத் தெரிந்திருக்காது.

தேடிய இடமெல்லாம் ‘ஹெரோயின் ஓவர்டோஸ், வயது 38’ என்று ஒரே வரி. அது சரியா? ஹார்ட்பிரேக்கர்ஸின் எல்.ஏ.எம்.எஃப். அல்பம் நாலு விதமாகக் கிடக்கு, எதைக் கேட்டுப் பழகுவது? கையில் இருப்பது இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட லெஸ் போல் கிட்டார்க் கொப்பி. அவர் வாசித்தது லெஸ் போல் ஜூனியர் என்று தெரியும். எவ்வளவு கிட்டப் போகலாம்? மண்டபத்தில் டியூப் லைட்டும் ரெகுலேட்டர் பூட்டிய ஃபேனும் உண்டு. ஒத்திகையில் இரைச்சல் தாங்கவில்லை.

வாவிக்கரை_ரேடியோ:

தம்பி, அந்த ஒரு வரியை மேடையில் சொல்ல வேணாம். வயது மட்டும்தான் அதில் உறுதி.

பிறந்தது 1952 ஜூலை 15, நியூயோர்க்கின் குவீன்ஸ். சொந்தப் பேர் ஜோன் அந்தனி ஜென்சேல். தகப்பன் விட்டுப் போய்விட்டார், தாயும் அக்காவும் வளர்த்தார்கள். முதலில் வாசித்த பாண்ட் நியூயோர்க் டோல்ஸ், அதன் முதல் அல்பம் 1973, இரண்டாவது 1974. இரண்டும் விற்கவில்லை. 1975 இல் புளோரிடாவில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இவரும் ட்ரம்மர் ஜெரி நோலனும் பாண்டை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பேஸ் வாசித்த ரிச்சர்ட் ஹெல்லோடு ஹார்ட்பிரேக்கர்ஸைத் தொடங்கினார்கள். மறுகா இரண்டாவது கிட்டாருக்கு வோல்டர் லூர் வந்தார். ஹெல் போனபிறகு பேஸுக்கு பில்லி ராத். 1976 டிசம்பரில் ஆங்கில பங்க் பாண்டான செக்ஸ் பிஸ்டல்ஸோடு இங்கிலாந்துச் சுற்றுப்பயணம். டிசம்பர் 1 இல் பிஸ்டல்ஸ் டீவியில் கெட்ட வார்த்தை பேசியதோடு பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்து. வந்தவர்கள் லண்டனிலேயே தங்கி, அடுத்த வருஷம் அல்பத்தைப் பதிவு செய்தார்கள்.

சாவு 1991 ஏப்ரல் 23, நியூ ஓர்லியன்ஸ், பிரெஞ்ச் குவார்ட்டரில் சென் பீற்றர் ஹவுஸ் என்ற விடுதியின் 37 ஆம் அறை. அந்த ஊர்க் கலைஞர்களோடு புதிதாக ஒரு பாண்ட் சேர்க்கும் எண்ணத்தோடு போனவர். அதற்குச் சற்று முன்புதான் ஜெர்மன் பாண்டான டி டோட்டன் ஹோஸனோடு ஒரு பாட்டுப் பதிவு செய்திருந்தார். இரத்தத்தில் மெதடோனும் (ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து) கொக்கெயினும் இருந்தன, போதைப்பொருள் சம்பந்தப்பட்ட சாவு என்று பதிவானது. கண்ட அளவு தனியே ஆளைக் கொல்லப் போதாது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிரேத பரிசோதனையில் முற்றிய லுக்கேமியாவின் (இரத்தப் புற்றுநோயின்) அடையாளமும் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். கடைசி நாட்களில் ஆள் உருமாறிப் போயிருந்ததற்கு அது பொருந்தும். அறையிலிருந்து பொருட்கள் களவு போயின என்ற பேச்சு வந்தது, குடும்பம் மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்டது, பொலிஸ் குற்ற விசாரணை தொடங்கவில்லை.

மேடைக்கு இவ்வளவு போதும்: ‘மெதடோனும் கொக்கெயினும் உடலில் இருந்தன, நோயும் இருந்தது, எது எவ்வளவு என்பது தீரவில்லை.’ கொலை என்று சொல்லப் போகாதீர்கள். இணையத்தில் அந்தக் கதை நன்றாக ஓடும், கையில் பிடிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று. ஹெரோயினைப் பற்றிய ‘சைனீஸ் ரொக்ஸ்’ என்ற பேர்போன பாட்டை அவருடைய சொந்தக் கதை என்று அறிமுகம் செய்கிறவர்கள் அதிகம். அதை எழுதியது ரமோன்ஸ் என்ற பங்க் பாண்டின் டீ டீ ரமோனும் ரிச்சர்ட் ஹெல்லும். ஹார்ட்பிரேக்கர்ஸ் ரெக்கோர்டில் தண்டர்ஸ், நோலன் பேரும் சேர்ந்து வந்தது. டீ டீ கடைசிவரை அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு_டியூட்டி:

மேலே சொன்னது சரி. ஆனால் லுக்கேமியாவைக் காட்டி ஆளைக் கழுவித் துடைத்துவிடக் கூடாது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து சாகும்வரை அவர் ஹெரோயின், மெதடோன் இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தவர். மெதடோன் உடலை விட்டுப் போகப் பல நாள் எடுக்கும். அதன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்திலும் மிச்சம் உள்ளே இருக்கும், மேலே எடுத்தால் சேர்ந்துகொள்ளும். மூச்சைக் குறைப்பது அதன் குணம், மது அல்லது தூக்க மாத்திரை சேர்ந்தால் இன்னும் குறையும். இதயத்தின் மின்னோட்டத்தையும் அது குழப்பும், கொக்கெயினும் அதையே செய்யும். அதனால் ‘அளவு குறைவு, ஆகவே போதைப்பொருள் காரணமில்லை’ என்ற வாதம் நிற்காது. வருத்தக்கார உடம்பில் குறைந்த அளவே போதும்.

உங்கள் ஐந்து நிமிஷத்தில் இடம் இருந்தால் டோல்ஸின் முதல் ட்ரம்மர் பில்லி மூர்சியாவைச் சொல்லுங்கள். 1972 நவம்பர் 6, லண்டன், வயது 21. மாத்திரையும் மதுவும் கலந்து மயங்கினவரைக் குளியல் தொட்டியில் போட்டு, வாயில் கோப்பி ஊற்றி எழுப்பப் பார்த்தார்கள். மூச்சடைத்துச் செத்தார். இதே பிழையை எங்கட ஊரிலும் செய்வார்கள், முகத்தில் தண்ணி தெளித்து, தேசிக்காய்ச் சாறு பருக்கி. மயக்கத்தில் இருக்கிறவருக்கு விழுங்கும் செயல் வேலை செய்யாது, ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும்.

செய்ய வேண்டியது: தோளைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்து, மேல் முழங்காலை மடித்து, நாடியை (தாடையை) சற்று உயர்த்திவிட்டு, விட்டுப் போகாமல் பக்கத்தில் இருங்கள். பெரிய குறட்டை கேட்டால் ‘நல்ல நித்திரை’ என்று விட்டுவிடாதீர்கள், அது மூச்சுப்பாதை அடைபடும் சத்தம். உதடு நீலமாகி மூச்சு நின்றால் நெஞ்சழுத்தம் தொடங்க வேணும். என்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஹெரோயின், மெதடோன் போன்றவற்றுக்கு மாற்று மருந்தான நலொக்சோன் ஊசி மூச்சைத் திருப்பும், ஆனால் அதன் பலன் ஒரு மணித்தியாலம் போலத்தான். மெதடோன் அதைவிட நீளம், எழும்பி இருந்தவர் திரும்ப மயங்குவார். அதனால் ‘சரியாகிட்டு’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரக் கூடாது.

கசெட்_பெட்டி:

அல்பம் விஷயம். 1977 ஒக்டோபரில் ட்ரக் ரெக்கோர்ட்ஸ் வெளியிட்டது சேற்றில் புதைந்த மாதிரிச் சத்தம். வாசிப்பில் குறை இல்லை, கலவைதான் கெட்டது. மாதக் கணக்காக ஸ்டூடியோ மாறி மாறிக் கலந்தும் தீரவில்லை. நோலன் அதைக் காரணமாகச் சொல்லியே பாண்டை விட்டார், ட்ரக் கம்பனியும் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது.

1984 இல் தண்டர்ஸும் டோனி ஜேம்ஸும் திரும்பக் கலந்தார்கள். தெளிவு கூடியது, ஆனால் எண்பதுகளின் மினுக்கம் ஒட்டிக்கொண்டது. 1994 இல் ஜங்கிள் ரெக்கோர்ட்ஸ் 1977இன் மாற்றுக் கலவைகளைத் தேடித் தொகுத்தது, ‘லொஸ்ட் 77 மிக்ஸஸ்’. பழகுவதற்கு அதை எடுங்கள். இரண்டு கிட்டாரும் பிரித்துக் கேட்கும், லூர் என்ன வாசிக்கிறார், தண்டர்ஸ் என்ன வாசிக்கிறார் என்று காதால் பிடிக்கலாம். 2021 இல் மூல மாஸ்டர் டேப்பின் பிரதி கிடைத்து அதுவும் வந்தது. முதல் வெளியீடு எப்படிக் கேட்டிருக்க வேணும் என்று அறிய அது நல்லது.

தனி அல்பம் ‘சோ அலோன்’, 1978. பில் லைனொட், ஸ்டீவ் மாரியட், பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸ், போல் குக் எல்லாரும் இருக்கிறார்கள். வாசிக்கவே தெரியாத போதைக்காரன் என்று சொல்கிறவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினால் போதும்.

அக்கரைப்பற்று_ஓம்ஸ்:

கிட்டாருக்கு வருவம். ஜூனியர் என்பது மஹோகனிப் பலகை, பாலத்துப் பக்கம் ஒரே ஒரு பி-90 பிக்கப் (கம்பி அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்), ஒரு வொலியூம், ஒரு டோன். இவருடையது இரட்டை வெட்டு, அதாவது கழுத்தின் இரு பக்கமும் உடல் வெட்டியது, மஞ்சள் நிறம். பி-90 இல் ஒரே சுருளில் ஏறக்குறைய 10,000 சுற்று, அடியில் இரண்டு காந்தப் பட்டை. உங்கள் ஹம்பக்கரில் அதே அளவு இரண்டு சுருளாகப் பிரிந்து கிடக்கு. ஆகவே நாலு வயர் ஹம்பக்கரைச் ‘ஸ்ப்ளிட்’ செய்தால், அதாவது ஒரு சுருளை மட்டும் வேலை செய்யவிட்டால், பி-90 வராது, பாதிச் சுற்றுத்தான் மிஞ்சும், சத்தம் மெலிந்து போகும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

காசு இருந்தால் ஹம்பக்கர் அளவில் செய்த பி-90 வாங்கிப் பாலத்துப் பக்கம் மாற்றுங்கள். மரம் வெட்டத் தேவையில்லை. கம்பிகளைத் தளர்த்தி, பின்மூடியைத் திறந்து, பழைய வயர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். சத்தம் வரும் வயர் வொலியூம் பொட்டின் (திருகும் கட்டுப்பாட்டின்) காலுக்கு, பின்னல் வயர் பொட்டின் முதுகுக்கு. முதுகு இரும்பு சூட்டை உறிஞ்சும், 25 வாட் சோல்டரிங் அயன் காணாது, 40 வேணும். இல்லாவிட்டால் ஈயம் பிடித்தது போல இருந்து மேடையில் கழரும். பொட் 500 கிலோ ஓம், டோன் கப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபராட். பிக்கப்பின் திருகுகளைக் கண்டபடி உயர்த்த வேணாம், ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி அமுங்கும்.

காசு இல்லாவிட்டால்: பாலத்துப் பிக்கப் மட்டும், கழுத்துப் பிக்கப்பை முழுக்க இறக்கிவிடுங்கள், அதன் காந்தம் கம்பியை இழுக்காது. அம்ப்பில் பேஸ் 3, ட்ரெபிள் 7, ரிவேர்ப் (எதிரொலி) 5இல் தொடங்குங்கள். அவர் பெரும்பாலும் ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப்பை உரக்கத் திறந்து, ரிவேர்ப்பையும் தாராளமாக வைத்து வாசித்தவர். டிஸ்டோர்ஷன் பெடலைக் கூட்டினால் அந்தக் கரகரப்பு மெழுகாகிவிடும்.

இரைச்சல்: ஃபேன் ரெகுலேட்டர்தான் முதல் குற்றவாளி. எலக்ட்ரொனிக் ரெகுலேட்டர் மின் அலையை வெட்டி வெட்டி விடும், அது ‘ஸ்ஸ்’ என்று பிக்கப்பில் ஏறும். முழு வேகத்தில் வைத்தால் குறையும், நிறுத்தினால் போகும். டியூப் லைட்டின் பழைய சோக்கும் அப்படியே. அம்ப்பிலிருந்து 2 மீற்றர் தள்ளி நின்று, உடலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் அமுங்கும். அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். பி-90 போட்டால் இரைச்சல் இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். செப்புத் தாள் ஒட்டினால் ‘ஸ்ஸ்’ குறையும், 50 ஹேர்ட்ஸ் ‘ம்ம்’ குறையாது.

கல்லடி_நாலுபேர்:

நன்றி அண்ணன். இரவு_டியூட்டி அக்கா சொன்ன மூர்சியா விஷயத்தையும் கட்டாயம் பேசுவேன். ஒரு கேள்வி விட்டுப்போச்சு. கனடாவிலிருந்து வந்த 15 வாட் டியூப் அம்ப் ஒன்று தரச் சம்மதித்திருக்கிறார்கள். பின்பக்கம் 120 வோல்ட் என்று இருக்கு. நொய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் லைனை அடைக்கும் பெடல்) ஒன்று பூட்டினால் இரைச்சல் போகுமா?

அக்கரைப்பற்று_ஓம்ஸ்:

நேரே 230இல் செருகினால் பியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமரும் போகும். 230இலிருந்து 120க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேணும், 300 விஏ. தோசைக்கல் கனத்துக்கு இருக்கிறதைத்தான் வாங்குங்கள், கையில் லேசாக இருக்கிற பயண அடாப்டர் இதற்கு ஆகாது. பின்பக்கம் 50/60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 60 மட்டும் என்றால் எங்கட 50இல் கூடச் சூடாகும், பாட்டுக்குப் பாட்டு நிறுத்த வேண்டிவரும்.

இறக்கும் ட்ரான்ஸ்போமரில் மூன்றாவது முனை, அதாவது ஏர்த், உள்ளே தொடர்ந்து போகிறதா என்று மீற்றரால் பாருங்கள். பல மலிவுப் பெட்டிகளில் அது வெறும் துளைதான். ஏர்த் இல்லாத அம்ப்போடு கிட்டாரைப் பிடித்தபடி வேறு பிளக்கில் இருக்கும் மைக்கில் உதடு பட்டால் அடிக்கும். இரைச்சல் போகும் என்று ஏர்த் முனையை உடைக்கிறவர்கள் உண்டு, அது தற்கொலை. மண்டபத்து ட்ரிப் சுவிட்சை டெஸ்ட் பட்டனை அமர்த்திப் பாருங்கள், விழ வேணும். மைக்கும் அம்ப்பும் ஒரே பிளக்கிலிருந்து போகட்டும்.

நொய்ஸ் கேட் வேணாம். அவருடைய நோட்டுகள் தொங்கிக்கொண்டே கரையும், கேட் அதை நடுவில் நறுக்கிவிடும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே வொலியூமைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள், அதுவே கேட்.

ஆறாம்_கம்பி:

கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவருடைய கையெழுத்து இரண்டு. ஒன்று, ஆறாம் கம்பியில் மேலிருந்து கீழே இழுத்து இறங்கி கோர்டில் விழுவது. இரண்டு, ஒரே சுரத்தில் இரண்டு கம்பியை மோதவிடுவது: இரண்டாம் கம்பி 5ஆம் கட்டை, மூன்றாம் கம்பி 7ஆம் கட்டை, மூன்றாவதை ஒரு முழுச் சுரம் வளைத்தால் இரண்டும் சேரும். அவர் சில நேரம் சேர்வதற்கு ஒரு இம்மி முன்னமே நிறுத்துவார், அந்த உரசல்தான் ருசி. அதைப் பிழை என்று திருத்தி வாசித்தால் பாட்டு செத்துவிடும். வளைக்க முடியாமல் நிற்கிற பிழையும் அதுவும் ஒன்றல்ல, முதலில் சரியாகச் சேர்க்கப் பழகிவிட்டு மறுகா குறையுங்கள்.

இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே வடிவம் பிடிக்க வேணாம். ஒருவர் ஏ கோர்டைத் திறந்த கம்பியில், மற்றவர் 5ஆம் கட்டையில் ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அமர்த்தும் பாரே. லூர், தண்டர்ஸ் இருவரும் அப்படி இடத்தைப் பங்கு பிரித்தார்கள்.

ட்ரம்மருக்குச் சொல்லுங்கள்: மட்டக்களப்பில் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் 6/8இல் கை பழகியவர்கள் இதில் தடுமாறுவது நேரான எட்டுத் தட்டில். ஆனால் முழுக்க நேராக்கவும் கூடாது. நோலன் ஜாஸ் ட்ரம்மர் ஜீன் குரூப்பாவைக் கேட்டு வளர்ந்தவர், ஸ்னேரில் ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். கிட்டார் நேரே, ட்ரம் சற்று ஆட்டத்தோடு. ஒத்திகையில் ட்ரம்மையும் பேஸையும் மட்டும் முதலில் வைத்துப் பாருங்கள்.

கம்பித் தடிப்பு 10–46. வாவிக் காற்று உப்பு, கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பியில் வளைப்பு சுருதி சேராது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாற்றி, கையால் இழுத்து நீட்டி, மூன்று தரம் சுருதி சேர்த்துவிட்டு வையுங்கள். அன்றைக்கே மாற்றினால் முதல் பாட்டிலேயே இறங்கும்.